நகர மறுத்த கல்யாணக் கார்

எனக்குப் பதிமூன்றாம் வாய்ப்பாடு வருவதற்கு முன்பே பி, ஆர், என், டி வரிசையாக வந்துவிட்டது. பி என்றால் வண்டி நிற்கும், ஆர் என்றால் பின்னால் போகும், என் என்றால் சும்மா கிடக்கும், டி என்றால் ஓடும். இதை யாரும் என்னை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, எங்கள் வீட்டுக்கு வந்தால் வேறு பேச்சே இருக்காது. சாப்பாட்டுத் தட்டைச் சுற்றி ஊறுகாய், அப்பளம், பொரியல், உப்பு என்று நாலையும் வைத்துக்கொண்டு, இது பார்க்கிங், இது ரிவர்ஸ் என்று கியர் போட்டுக் காட்டிவிட்டுத்தான் சோற்றைப் பிசைவார்.

மாமாவுக்குப் புதுவாயல் கூட்டுரோட்டில், டீக்கடைக்குப் பின்னால் ஒரு தகர ஷெட் இருந்தது. அம்மா வீட்டில் எல்லோரும் நெல் பயிரிடுகிறவர்கள். மாமா ஒருவர்தான் சேற்றை விட்டுக் கிரீஸுக்குப் போனவர். சென்னையில் ஆட்டோமேட்டிக் கியர் பெட்டிகளை மட்டுமே திறந்து பார்க்கிற ஒரு பட்டறையில் சில வருடங்கள் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியவர், ‘ஆட்டோ கியர் ஸ்பெஷலிஸ்ட்’ என்று மஞ்சள் போர்டு எழுதி மாட்டினார். முதல் வாரம் வந்தவை எல்லாம் ஷேர் ஆட்டோக்கள். வந்தவர்களைத் திருப்பி அனுப்ப மனமில்லாமல் அவற்றையும் பார்த்தார். பிறகு டிப்பர் லாரி, பால் வண்டி, தண்ணீர் டேங்கர் என்று வந்ததையெல்லாம் பார்த்தார். வயிற்றுப்பாட்டுக்கு அவை போதும். ஆனால் மாமாவின் மனசெல்லாம் எப்போதாவது தேர்வாய் கண்டிகைப் பக்கமிருந்து வரும் தொழிற்சாலை அதிகாரிகளின் கார்கள் மேல்தான் இருந்தது. அப்படி ஒரு கார் வந்துவிட்டால் எங்கள் சொந்தம் முழுக்கச் செய்தி போய்விடும்.

அதில் ஒன்றை நானே பார்த்திருக்கிறேன். மிதித்தால் இன்ஜின் உறுமும், வண்டி மட்டும் மாமியார் வீட்டுக்குப் போகிற மாதிரி அசைந்து அசைந்து போகும். கியர் பெட்டியே போய்விட்டது, புதிதாக மாற்ற வேண்டும் என்று யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள். மாமா பெட்டியைத் தொடவே இல்லை. இன்ஜினை ஓடவிட்டு, கியர் லிவரை ஒவ்வொரு எழுத்திலும் நிறுத்தி நிறுத்திக் கொண்டுவந்து, பிறகு எண்ணெய் பார்க்கும் கம்பியை உருவி வெள்ளைத் துணியில் துடைத்தார். துணியை மூக்கருகில் வைத்து, கல்யாணப் பந்தியில் சாம்பார் மணத்தைப் பார்க்கிறவர் போலக் கண்ணை மூடினார். எனக்கும் காட்டினார். கருகல் வாசனை இல்லை, இளஞ்சிவப்பாக இருந்தது, ஆனால் நுரைத்திருந்தது. லாரிக்குப் பார்க்கிற மாதிரி வண்டி சூடேறுவதற்கு முன்பே அளவு பார்த்து, குறைகிறது என்று யாரோ மேலும் மேலும் எண்ணெயை ஊற்றிவிட்டிருந்தார்களாம். அதிகப்படியை வடித்துவிட்டதும் கார் துள்ளிக்கொண்டு ஓடியது. அந்தக் கதையை மாமா அதற்குப் பிறகு நாங்கள் பார்க்கிற ஒவ்வொரு விசேஷத்திலும் சொன்னார். சொல்லச் சொல்ல அந்தக் காரின் விலை ஏறிக்கொண்டே போனது. முதலில் அதன் சொந்தக்காரர் சூப்பர்வைசராக இருந்தார், ஆடி மாதக் கூழ் ஊற்றும்போது மேனேஜராகிவிட்டார், தீபாவளிக்குள் ஜப்பான்காரராகிவிட்டார்.

அப்பா அவரைச் சும்மா விடமாட்டார். “மச்சான் வாயில எல்லா கியரும் கீது, ரிவர்ஸ் மட்டும் கம்பெனிக்காரன் வெக்கல” என்பார். மாமா அதற்கும் சிரித்துக்கொண்டே அடுத்த காரின் கதையை ஆரம்பிப்பார். எனக்கோ அவர் சொல்வதில் ஒரு வார்த்தைகூடக் குறைத்துக்கொள்ள மனம் வராது. பள்ளியில், எங்கள் மாமா கியரை மோந்து பார்த்தே வியாதியைச் சொல்லிவிடுவார் என்று என் பங்குக்கு நாலு கார்களைச் சேர்த்துச் சொல்லிவைத்திருந்தேன். அப்படி ஒரு திமிர் எனக்கு. இப்போதும் அதில் பெரிதாக ஒன்றும் குறைந்துவிடவில்லை.

பெரியம்மாவின் மகளுக்கு, அதாவது அக்காவுக்கு, வேப்பம்பட்டில் மாப்பிள்ளை அமைந்தது. சொந்த வீடு, நல்ல வேலை, நல்ல குடும்பம். மாமாவுக்கு இவையெல்லாம் காதில் விழவில்லை. மாப்பிள்ளையிடம் ஆட்டோமேட்டிக் கார் இருக்கிறது என்ற ஒரே சங்கதியைப் பிடித்துக்கொண்டு, இந்தச் சம்பந்தம்தான் என்று ஒற்றைக் காலில் நின்றார். தாய்மாமன் சொல்லைத் தட்டக்கூடாதே என்று பெரியப்பாவும் சரி என்றார். கல்யாணம் புதுவாயலிலேயே, நெடுஞ்சாலை ஓரத்து மண்டபத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை.

தேர்வாய் கண்டிகையில் ஒரு தொழிற்சாலைக்கு வண்டிகளைக் கவனித்துக்கொள்ளும் அதிகாரி ஒருவரை மாமா தனியாகப் போய் அழைத்திருந்தார். அந்தத் தொழிற்சாலையில் இருந்த கார்கள் எல்லாம் ஆட்டோமேட்டிக். அவை தன் ஷெட்டுக்கு வந்தால் போர்டில் எழுதியிருப்பது உண்மையாகிவிடும் என்பது மாமாவின் கனவு. அந்த அதிகாரியும் பெரிய மனசு பண்ணி வந்திருந்தார். பந்தியில் அவருக்கு மட்டும் மாமாவே நின்று வடை வைத்தார்.

முதல் நாள் மாலை மாப்பிள்ளை அழைப்பை நானும் மாமாவும் பார்க்கவில்லை. அக்காவின் முகூர்த்த ரவிக்கையை, இதோ அதோ என்று சொல்லிக்கொண்டிருந்த கும்மிடிப்பூண்டி டைலர் அன்று மாலைவரை தைத்து முடிக்கவில்லை. அக்கா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டதும் மாமா என்னைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். கடைசிக் கொக்கி தைக்கிறவரை அந்த டைலரின் தலைமாட்டிலேயே நாங்கள் உட்கார்ந்திருந்தோம். டைலருக்கு ஜப்பான்காரரின் கார் கதையை மாமா முழுசாகச் சொல்லி முடித்தார். திரும்பி வந்தபோது ஊர்வலம் முடிந்து, காரைப் பூட்டி, மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட்டுப் படுத்துவிட்டார்கள். அக்கா தூங்காமல் காத்திருந்து ரவிக்கையை வாங்கிப் போட்டுப் பார்த்துவிட்டு, மாமாவின் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள்.

ஊர்வலத்தில் காரைப் பற்றித்தான் எல்லோருக்கும் பேச்சாம். பின்கண்ணாடியில் பொண்ணு மாப்பிள்ளை பெயர்களைச் சின்னச் சின்ன சீரியல் பல்புகளில் எழுதியிருந்தார்கள். டிரைவர் பிரேக்கை மிதிக்கிறபோதெல்லாம் பெயர்கள் பளிச்சென்று எரியும், காலை எடுத்தால் அணையும். மாப்பிள்ளையின் தம்பி செய்த வேலை அது. அப்போதுதான் காலேஜில் சேர்ந்திருந்த பையன். ஆளாளுக்கு அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள் என்று கேள்விப்பட்டு, பார்க்க முடியாமல் போனதே என்று எனக்கு ஒரே வயிற்றெரிச்சல்.

மறுநாள் முகூர்த்தம் நல்லபடியாக முடிந்தது. மாமா தாய்மாமன் சீர் வைத்து, பட்டு வேட்டியில் மினுமினுத்தார். அக்கா தாலி கட்டும்போதும் சிரித்துக்கொண்டே இருந்தாள், பந்தியிலும் சிரித்தாள். கொஞ்சமாவது அழுடி, பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று பெரியம்மா காதோரமாகக் கெஞ்சினாள். வரவில்லையே, நான் என்ன செய்யட்டும் என்று அதற்கும் அக்கா சிரித்தாள். நாலரைக்கு ராகுகாலம், அதற்குள் பெண்ணை அனுப்பிவிட வேண்டும் என்று நாலு மணிக்கே காரில் ஏற்றினார்கள். ஆரத்தி சுற்றி, தேங்காய் உடைத்து, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பூக்காரர் வாடாமல் இருக்கட்டும் என்று கார் மேலிருந்த சாமந்தி மாலைகளுக்கெல்லாம் ஒரு குடம் தண்ணீர் தெளித்தார். மேளம் உச்சத்துக்குப் போனது.

கார் நகரவில்லை. இன்ஜின் ஓடியது, ஏசி ஓடியது, பாட்டுகூட ஓடியது. ஓட்ட உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் நண்பர் கியர் லிவரைப் பிடித்து இழுத்தார். அது பார்க்கிங்கை விட்டு அசையவில்லை. பிரேக்கை இன்னும் ஓங்கி மிதித்துவிட்டு இழுத்தார். மாப்பிள்ளை பக்கத்திலிருந்து கையைக் கொடுத்தார். அதற்குள் மண்டபத்து ஆண்கள் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு பின்னால் போய்விட்டார்கள். எங்கள் பக்கம் நகராத வண்டிக்கு ஒரே வைத்தியம், தள்ளுவது. அப்போதுதான் மாமா பந்திப் பக்கமிருந்து கை கழுவிய ஈரத்தோடு ஓடிவந்தார்.

“யாரும் தள்ளாதீங்க. பார்க்கிங்ல கீது. உள்ள ஒரு பல்லு கடிச்சிகினு நிக்குது. தள்ளினீங்கன்னா பல்லு பேந்துடும்.”

எல்லோரும் கையை எடுத்தார்கள். மேளக்காரர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் இன்னும் கொஞ்ச நேரம் வாசித்துவிட்டு நிறுத்தினார்கள். மாப்பிள்ளை கார் கம்பெனிக்குப் போன் செய்தார். ஒன்றை அமுக்கு, இரண்டை அமுக்கு என்று அது அவரைச் சுற்றலில் விட்டு, கடைசியில் இழுத்துப்போகும் வண்டி வர இருட்டிவிடும் என்றது. வேறு காரில் ஏற்றி அனுப்பிவிடலாம் என்று பெரியப்பா சொன்னார். மாப்பிள்ளையின் அத்தை உடனே மறுத்தார். ஏறி உட்கார்ந்த பெண் நடுவில் இறங்கக்கூடாதாம். அதைச் சொல்லிவிட்டு, பக்கத்திலிருந்த பெண்ணிடம் குரலைத் தணித்துக்கொள்ளாமலே சொன்னார்:

“ஒரு நாளும் மக்கர் பண்ணாத வண்டி. இவ காலு வெச்சா நின்னுகிச்சு பாத்தியா.”

அந்த ஒரு வார்த்தையில் பெரியம்மாவின் முகம் செத்துப்போனது. எனக்கே அதன் அர்த்தம் தெரியும். எங்கள் தெருவுக்கு வாழ வந்த ஒரு பெண், வீட்டுக்குள் காலெடுத்து வைத்தபோது மின்சாரம் போய்விட்டது. போனது ஊர் முழுக்கத்தான். ஆனாலும் அவள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வயதிலும் அந்த வீட்டில் மிக்ஸி ரிப்பேரானால்கூட அவள் மாமியார் அந்தக் கதையைத்தான் எடுப்பாள். எங்கள் அக்காவுக்கும் இப்படி ஒரு பட்டம் ஒட்டிவிட்டால் அது ஆயுசுக்கும் போகாது. அக்கா கண்ணாடியை இறக்கிவிட்டு மாலையும் கழுத்துமாக உள்ளே உட்கார்ந்திருந்தாள். அந்த வார்த்தை அவள் காதிலும் விழுந்தது. அவள் சிரிப்பு நின்றதை அன்று அப்போதுதான் பார்த்தேன்.

மாமா மாப்பிள்ளையின் நண்பரை இறங்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். இடது காலை மடித்து இருக்கைக்கு மேலே போட்டுக்கொண்டார். ஆட்டோமேட்டிக் வண்டியில் இடது காலுக்கு லீவு என்பது அவர் வழக்கமாகச் சொல்வது. வலது காலால் பிரேக்கை மிதித்துவிட்டு, லிவரின் அடியில் காதை வைத்தார். எடுத்து மிதித்து மறுபடியும் வைத்தார். மண்டபமே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. தொழிற்சாலை அதிகாரியும் வெற்றிலையை மென்றுகொண்டு முன்னால் வந்து நின்றார். எனக்கு நெஞ்சு விம்மியது. மாமாவின் கதைகளிலெல்லாம் நான் இல்லாமல் போன குறை அன்று தீரப்போகிறது என்று, எல்லோரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு கார்க் கதவோரம் போய் நின்றேன்.

“கியர் பொட்டி நல்லா கீது, மாப்ள” என்றார் மாமா. “பிரேக்க மிதிச்சா இங்க டிக்குனு ஒரு சத்தம் வரணும். அப்பதான் பூட்டு தெறக்கும். சத்தமே வரல. பிரேக்கு மிதிச்ச சேதி இங்க வந்து சேரல.”

மாமா விளக்கியதை அன்று பாதிதான் புரிந்துகொண்டேன். பிரேக்கை மிதித்தால் பின்னால் சிவப்பு விளக்கு எரிகிறதல்லவா, அந்த விளக்குக்குப் போகிற அதே மின்சாரம்தான் லிவரின் பூட்டுக்கும் சேதி சொல்லும். விளக்கு எரிந்தால் கோளாறு லிவர் பக்கம், எரியாவிட்டால் அந்த மின்சாரம் வரும் வழியில். வேறு ஆளாக இருந்தால் முதலில் கியர் பெட்டியைக் கழற்றியிருப்பார். மாமா மாப்பிள்ளையின் தம்பியைக் கூப்பிட்டு, பின்னால் விளக்கு எரிகிறதா என்று பார்க்கச் சொன்னார். அவன் போய்ப் பார்த்தான். விளக்குகளை மாலைகள் மூடியிருந்தன. பூவை விலக்கியவன் விலக்கிய கையோடு அப்படியே நின்றுவிட்டான். மாமா எழுந்து பின்னால் போனார், நானும் போனேன்.

சாமந்திக்கு அடியில் இருந்ததை நான் நன்றாகப் பார்த்தேன். விளக்குக்குப் போகிற ஒயரைச் சீவி, சீரியல் பல்பின் ஒயரை அதோடு முறுக்கியிருந்தது. டேப் சுற்றவில்லை. பூத்தொடுக்கிற நாரால்தான் கட்டியிருந்தது. முதல் நாள் காய்ந்திருந்த நார், பூக்காரர் தெளித்த தண்ணீரில் நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. ஒயரின் நுனி காரின் தகட்டில் இடித்துக் கறுத்திருந்தது. பையனின் முகம் அந்த ஒயரைவிடக் கறுத்திருந்தது. அவன் உதடு ஏதோ சொல்ல அசைந்தது. மாமா அவனைப் பார்த்தார், பிறகு கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் முன்பக்கத்தில்தான் இருந்தது. மடியிலிருந்து சின்னக் கட்டரை எடுத்து முறுக்கை வெட்டினார். கல்யாணத்துக்குப் பட்டு வேட்டி கட்டி வந்தாலும் கட்டரும் டேப்பும் இல்லாமல் அவர் வீட்டை விட்டுக் கிளம்புவதில்லை. துடைத்து, டேப் சுற்றி, மாலையை மறுபடியும் மேலே இழுத்துவிட்டார். வெட்டிய ஒயரைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டார்.

“போய் அண்ணன் பக்கத்துல நில்லு நைனா. பேசாத நில்லு” என்று மட்டும் அவனிடம் சொன்னார்.

பிறகு அந்தப் பட்டு வேட்டியோடு காரின் முன்பக்கத்தில் மல்லாந்து படுத்து, டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டார். வெளியே இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. பெரியம்மா வாட்ச் கட்டிய எல்லோரிடமும் மணி கேட்டுக்கொண்டிருந்தாள். லிவரின் பக்கத்திலேயே சின்ன மூடி ஒன்று இருக்கிறது, அதற்குள் சாவியை விட்டு அமுக்கினால் பூட்டு திறந்துகொள்ளும், அப்படியே அனுப்பிவிடலாம் என்று மாப்பிள்ளையின் நண்பர் போனில் தேடி எடுத்துச் சொன்னார். அது எனக்கும் தெரியும் என்று மாமாவின் குரல் உள்ளேயிருந்து வந்தது. பிரேக் விளக்கு எரியாத வண்டியில் எங்கள் வீட்டுப் பெண்ணைப் பெரியபாளையம், திருநின்றவூர் வழியாக வேப்பம்பட்டுவரை அனுப்ப மாட்டேன் என்றது. அந்த ஒயர் தகட்டில் பட்டதில் பொரிந்துபோன ஃபியூஸை உருவி, மூடியின் உள்பக்கத்தில் உபரியாக இருந்ததைப் பொருத்தி எழுந்தார். ஜிப்பா முதுகெல்லாம் தூசி. சாவியைத் திருப்பி, பிரேக்கை மிதித்தார்.

டிக்.

எனக்குக் கேட்டது. லிவர் வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது. பின்னால் மாலைகளுக்கு நடுவே சிவப்பு எரிந்தது. என் மாமா, என் மாமா என்று நான் கத்தியதில் மேளக்காரர் ஒருவர் தவுலில் ஒரு தட்டுத் தட்டினார். கூட்டம் கைதட்டத் தயாராக இருந்தது. மாமா காரை விட்டு இறங்கினார். இதோ ஆரம்பிக்கப்போகிறார், இந்தக் கதையில் நானும் வரப்போகிறேன் என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். இன்னா கோளாறு என்று மாப்பிள்ளையின் அப்பா கேட்டார்.

“கோளாறு நான்தான் சம்பந்தி” என்றார் மாமா. “நேத்து சாயந்தரம் வண்டியப் பாத்ததும் கை சும்மா இருக்கல. கீழ கைய உட்டு நோண்டிகினு இருந்தேன். ஃபியூஸ் பூட்ச்சு. வண்டி மேலயும் தப்பு இல்ல, நேரத்து மேலயும் தப்பு இல்ல.”

எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. நேற்று மாலை முழுக்க அவர் என்னோடு டைலர் கடையில் உட்கார்ந்திருந்தவர். “மாமா, நேத்து நாம கும்மிடிப்பூண்டில...” என்று ஆரம்பித்தேன். கிரீஸ் கையால் என் வாயை மெதுவாகப் பொத்தி, என்னை இழுத்துத் தன் வேட்டியோடு அணைத்துக்கொண்டார். இத்தனையும் அக்கா உட்கார்ந்திருந்த கதவுக்குப் பக்கத்திலேயே நடந்தது. அவள் மேலே இருந்தது நாங்கள் கொண்டுவந்த ரவிக்கை.

அத்தைக்கு உயிர் வந்தது. “அதானே பாத்தேன். நம்ம வண்டியாவது, நிக்கறதாவது” என்று ஊருக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு, காருக்குள் கையை விட்டு அக்காவின் நெற்றி வியர்வையைத் தன் முந்தானையால் துடைத்தார். மாப்பிள்ளையின் அப்பாவுக்குக் கோபம் வந்தது. “லாரி பாக்கறவரு ஆட்டோமேட்டிக்ல இன்னாத்துக்குங்க கை வெக்கணும்? நல்ல நேரத்துல பேஜாரு பண்ணிட்டீங்களே” என்றார். பெரியப்பா இன்னும் ஒரு படி மேலே போனார். கல்யாண வீட்டில்கூட உன் கையும் வாயும் சும்மா இருக்காதா என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். சிலர் சிரித்தார்கள். எங்கள் அப்பா ஏதோ கிண்டல் செய்யப் போய், மாமாவின் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். வெற்றிலை மென்றுகொண்டிருந்த அதிகாரி மெதுவாக நகர்ந்து தன் காரைத் தேடிப் போனார். தன் காரைத் திறப்பதற்கு முன்னால் அவர் மாமாவை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். மாமா அவரைப் பார்த்துக் கும்பிட்டார். அந்தத் தொழிற்சாலையின் கார்கள் பிறகு ஒன்றுகூட எங்கள் ஷெட்டுக்கு வரவில்லை.

நடந்ததைப் பெரியவளாகிப் பல தடவை எண்ணிப் பார்த்திருக்கிறேன். உண்மையைச் சொல்லியிருந்தால் மாமாவுக்குக் கைதட்டல் கிடைத்திருக்கும், அக்காவின் மேல் விழுந்த பழியும் போயிருக்கும். ஆனால் அது அந்த வீட்டின் கடைக்குட்டிப் பையன் தலையில் விழுந்திருக்கும், அதுவும் பெண் வீட்டுக்காரன் வாயால். அன்று மாலை அந்த வீட்டில் விளக்கேற்றப் போகிறவள் அக்கா. மாமா ஃபியூஸை மாட்டுகிற நேரத்துக்குள் இதையெல்லாம் யோசித்து முடித்திருக்கிறார். பழியை யார் மேல் போட்டால் யாருக்கும் வலிக்காது என்று தேடி, தன்னைக் கண்டுபிடித்திருக்கிறார். என் மாமாவை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. இதை எழுதுகிறபோதும் கழுத்து தானாக நிமிர்கிறது.

ஷெட் இப்போது பெரிய பட்டறையாகிவிட்டது. ஆட்டோமேட்டிக் கார்கள் இப்போது எல்லார் வீட்டுக்கும் வந்துவிட்டதால் வாசலில் வரிசை கட்டி நிற்கின்றன. மாப்பிள்ளையின் தம்பிக்கு இப்போது சொந்தக் கார் இருக்கிறது. வழியில் எத்தனையோ பட்டறைகள் இருந்தாலும், கியர் எண்ணெய் மாற்ற வேப்பம்பட்டிலிருந்து இங்கேதான் வருவார். வந்தால் மாமா வேலையை முடிக்கிறவரை நின்றுகொண்டே இருப்பார், நாற்காலி போட்டாலும் உட்காரமாட்டார். அன்றைக்கு ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று மாமாவிடம் நான் ஒரு முறை கேட்டேன். “அத்த உடு. போன வாரம் ஒரு வண்டி வந்துச்சு பாரு, மூணு பேரு கைய விரிச்ச வண்டி” என்று ஆரம்பித்துவிட்டார். நுரைத்த எண்ணெயின் கதையை அவர் சொல்லாத விசேஷம் கிடையாது. இந்த ரிப்பேரை மட்டும் அவர் யாரிடமும் சொன்னதில்லை.

அன்று எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? மாமாவின் கையை உதறிவிட்டுத் தள்ளிப்போய் நின்றேன். அவர் முகத்தையே பார்க்கக்கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன். இனி பள்ளியில் எந்த முகத்தோடு அவர் கதையைச் சொல்வது என்பதுதான் என் கவலை. மேளம் மறுபடியும் தொடங்கியது. எலுமிச்சம்பழங்கள் நசுங்க, கார் நகர்ந்தது.

காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத அக்கா அப்போதுதான் அழுதாள். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, பெரியம்மாவையும் பெரியப்பாவையும் தாண்டி, தூசி படிந்த ஜிப்பாவோடு கடைசியில் நின்றிருந்த மாமாவையே பார்த்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க அழுதாள். அப்பாடா, ஒருவழியாக அழுதுவிட்டாள் என்று பெரியம்மா பக்கத்திலிருந்தவர்களிடம் சொன்னாள். எனக்கும் அவள் அழுததில் ஆறுதலாக இருந்தது. மாமா இப்படி ஊர் முன்னால் நம் மானத்தை வாங்கிவிட்டாரே என்று என்னைப் போலவே அவளும் வெட்கப்பட்டு அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.